பேசுபவரின் ஹக்கு

‘அஸ்ஸமீஉ’, அனைத்தையும் செவியேற்பவன் என்பது அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்று. அத்திருநாமத்தை ஓதி வரும் நாம், எதிரில் நின்று பேசுபவரின் சொல்லை எந்த அளவுக்குச் செவியேற்கிறோம்? அவர் பாதி சொல்லும்போதே நம் பதில் தயாராகிவிடுகிறது. மீதி நம் காதில் ஏறுவதில்லை.

திருமறையின் 58-ஆவது அத்தியாயமான ‘அல்முஜாதலா’ ஒரு பெண்ணின் முறையீட்டைக் கொண்டு தொடங்குகிறது. அவர் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி). கணவர் அவ்ஸ் இப்னு ஸாமித் (ரலி) கோபத்தில் அவரைத் தம் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டுக் கூறிவிட்டார். ‘ளிஹார்’ எனப்பட்ட இச்சொல், அறியாமைக் காலத்தில் மணவிலக்காகவே கருதப்பட்டது. இளமையெல்லாம் அவருடன் கழித்த அம்மாது, நபி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து மீண்டும் மீண்டும் வாதாடினார். அவருக்கு வழி காட்டும் வஹீ அதுவரை இறங்கவில்லை. எனினும் பெருமானார் அவர் வாயை அடைக்கவில்லை. அதே இல்லத்தில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அவருடைய சொற்களில் சில கேட்கவில்லை. ஆனால் அர்ஷின் அதிபதி அதனைச் செவியேற்றான். வசனங்கள் இறங்கின, அந்தச் சொல் பொய்யென்று கண்டிக்கப்பட்டது, கணவருக்குப் பரிகாரம் விதிக்கப்பட்டது.

பின்னாளில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை அதே அம்மையார் வழியில் நிறுத்திப் பேசினார். கலீஃபா நெடுநேரம் நின்று கேட்டார்கள். ஒரு மூதாட்டிக்காக இத்தனை பேரைக் காக்க வைப்பதா என்று உடன் வந்தவர் வினவியதற்கு, அல்லாஹ்வே செவியேற்ற சொல்லை உமர் கேட்காமல் போவதா என்ற கருத்தில் மறுமொழி பகர்ந்ததாகத் தப்ஸீர்கள் கூறுகின்றன.

கேட்பது என்றால் இணங்கிவிடுவது என்று பொருளல்ல. மக்காவில் உத்பா இப்னு ரபீஆ, பொருளும் பதவியும் தருவதாக ஆசை காட்டிப் பேச வந்தான். பெருமானார் குறுக்கிடாமல் முழுதும் கேட்டார்கள். முடித்துவிட்டீரா என்று வினவி, ஆம் என்ற பிறகே ‘ஹாமீம் ஸஜ்தா’ அத்தியாயத்தை ஓதிக் காட்டினார்கள். அவன் கேட்டது எதற்கும் அவர்கள் இணங்கவில்லை. எனினும் பேசி முடிக்கும் உரிமையை எதிரிக்கும் மறுக்கவில்லை.

நம் நிலை என்ன? கல்லாவில் குறைகிறது என்று கடைப் பையன் சொல்ல வருகிறான்; காரணம் சொல்லுமுன் ஏச்சு விழுகிறது. மகள் புகுந்த வீட்டுத் துன்பத்தைச் சொல்லத் தொடங்கினால், ‘ஸபுராக இரு’ என்று முதல் வார்த்தையிலேயே முடித்துவிடுகிறோம். அவள் பிறகு சொல்வதே இல்லை. நாமோ அவள் நலமாக இருப்பதாக எண்ணிக் கொள்கிறோம். ஜமாஅத்துப் பஞ்சாயத்தில் கணவன் தரப்பை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, மனைவியின் இரண்டு சொல்லோடு தீர்ப்பு எழுதுவதும் உண்டு. அலி (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, மறுதரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்கலாகாது என்றல்லவா பெருமானார் அறிவுறுத்தினார்கள்!

சகோதரர்களே, சகோதரிகளே! பேசுபவரை முழுதும் பேச விடுவது அவருக்கு நாம் செலுத்த வேண்டிய ஹக்கு. இன்று முதல், பதில் சொல்லுமுன் ‘சொல்லி முடித்தாயிற்றா?’ என்று ஒரு வார்த்தை கேட்போம். நாம் செவிசாய்க்காத முறையீடும் அல்லாஹ்வின் சன்னிதானத்தை எட்டிவிடும் என்பதை மறவாதிருப்போம். நம் செவிகளை நன்மைக்குரிய செவிகளாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.