சுரங்கத்தின் நடுவே

டிராகனைக் கொல்வது பில்போ இல்லை என்று தெரிந்ததும் என் மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது அவளுக்கு 9 வயது. ராத்திரி ராத்திரி நான் வாசித்துக் காட்டிய 'தி ஹாபிட்' கதையில், ஏரி நகரத்து வில்லாளி பார்ட் தன் கடைசிக் கறுப்பு அம்பால் ஸ்மாக்கை வீழ்த்திவிடுகிறான். "அப்ப பில்போ என்னதாம்பா பண்ணினான்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் அதற்குச் சில அத்தியாயங்கள் முன்னாலேயே இருந்தது. பில்போ 50 வயதுக்காரன். நிறைந்த சரக்கறை, வேளாவேளைக்குச் சாப்பாடு என்று இருந்தவன், ஒரு கைக்குட்டைகூட எடுத்துக்கொள்ளாமல் 13 குள்ளர்களோடு கிளம்பிவிட்டான். டிராகன் பதுங்கியிருக்கும் மலையின் ரகசியக் கதவு திறந்ததும், கூட யார் வருகிறீர்கள் என்று கேட்கிறான். பெரியவர் பாலின் மட்டும் கொஞ்ச தூரம் வந்து நின்றுகொள்கிறார். அதன்பின் இருட்டு, கீழே இறங்கும் சுரங்கம். நடக்க நடக்கச் சூடு ஏறுகிறது. தூரத்தில் சிவப்பாக ஒரு வெளிச்சம். பிறகு குறட்டைச் சத்தம். அங்கே பில்போவின் கால் நின்றுவிடுகிறது. டிராகனை அவன் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. திரும்பி ஓடிவந்து என்ன கதை சொல்லியிருந்தாலும் குள்ளர்கள் நம்பியிருப்பார்கள். அவன் மேலே நடக்கிறான். அவன் வாழ்நாளில் செய்த பெரிய துணிச்சல் அதுதான், பின்னால் நடந்தது எதுவும் அதற்கு ஈடில்லை என்று கதையை எழுதிய டோல்கீன் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார்.

புத்தகம் வந்தது 1937இல். அவரோ 1916இல் ஸோம் போர்முனையின் பதுங்குகுழிகளில் இருந்தவர், அந்தப் போரில் உயிர் நண்பர்களைப் பறிகொடுத்தவர். பயம் எந்த நொடியில் காலைப் பிடிக்கும் என்பதை அவர் யோசித்து எழுதியிருக்க வேண்டியதில்லை.

நாயகனின் பயணத்தைப் புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்று 1949இல் ஜோசஃப் கேம்ப்பெல் வகுத்தார். ஹாபிட்டும் அதற்குள் அடங்கும்தான். ஆனால் சோதனை என்றதும் நாம் அசுரனோடு நடக்கும் சண்டையைத்தான் தேடுகிறோம். நல்ல குழந்தைக் கதைகள் அதைச் சற்று முன்னால், ஆளில்லாத இடத்தில் வைத்திருக்கின்றன. உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ கதையில், இளம் மந்திரவாதி கெட், தான் அவிழ்த்துவிட்ட நிழலுக்கே பயந்து ஓடுகிறான். இனி ஓடாதே, நீ அதைத் துரத்து என்கிறார் குரு ஓகியோன். கெட் படகைக் கடலில் இறக்கும் அந்தக் காலையில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கடைசியில் நிழலைத் தன் பெயராலேயே அழைக்கும் இடத்தில்கூட அவ்வளவு இல்லை.

பாகப்பிரிவினையில் மனக்கசப்பாகி, அண்ணனும் நானும் ஆறு வருடம் பேசவில்லை. போன ஐப்பசியில் அவருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். தெருமுனைப் பெட்டிக்கடை வரை கால் ஒழுங்காகத்தான் வந்தது. அங்கிருந்து பார்த்தால் அண்ணன் வீட்டு வாசல் கொடியில் ஒரு வேட்டி காய்வது தெரிந்தது. சோடா ஒன்று வாங்கினேன். ஒரே மூச்சில் குடிக்கிறவன், அன்று வாய் வாயாகக் குடித்தேன். வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. அப்படியே திரும்பினாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. பாட்டிலில் கடைசி மடக்கு இருக்கும்போதே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணிதான் நாற்காலி எடுத்துப் போட்டார். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது, "கடைசி பஸ் எட்டரைக்கு" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி.

பஸ்ஸில் வரும்போது விடுதியில் இருந்த மகளுக்குப் போன் செய்து, அந்தச் சுரங்கத்து அத்தியாயத்தை எடுத்துப் படி என்றேன். "புத்தகம் உங்க அலமாரிலதானப்பா இருக்கு" என்றாள். அதனால் போனிலேயே சொல்ல ஆரம்பித்தேன், மலையில் கதவு திறக்கிற இடத்திலிருந்து.