பரமபத சோபானமும் இருவினையொப்பும்

வைகுண்ட ஏகாதசி இரவில் துயில் நீங்கி ஆடப்பெறும் பரமபத சோபானத்தில் ஏணி புண்ணியத்தையும் பாம்பு பாவத்தையும் குறிக்கும். உருளும் தாயம் ஊழை ஒக்கும். நம் நாட்டுப் பழைய படங்கள் பலவற்றிற் பாம்பு மிகுதி, ஏணி குறைவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாடலைக் கைக்கொண்ட ஆங்கிலர் நாளடைவில் இரண்டையும் எண்ணாற் சமமாக்கினர்.

எண்ணொப்பு இருவினையொப்பு ஆகுமோ எனின், ஆகாது. இருவினையும் அளவால் ஒத்தவிடத்தும், ஒன்றன் பயனை விரும்பி மற்றொன்றன் பயனை வெறுக்கும் உள்ளம் பிறவிக்கு வித்தாம். பொன்விலங்கும் விலங்கே. ஏறுங்கால் களிப்பும் இறங்குங்கால் கலக்கமும் இன்றி, இரண்டிலும் உவர்ப்புத் தோன்றும் அறிவின் நிலையே ஒப்பாவது.

அற்றேல் நல்வினை வேண்டாவோ எனின், வேண்டும். சரியை கிரியைகளைப் பயன் கருதாது அன்பினாற் செய்க என்பதே கருத்து.

இனி, பாம்பு முற்றும் மாய்வதோ? பழனி மலையேறித் தொழும் அன்பர் முருகன் ஊர்தியாகிய மயிலை நினைக. அதன் காலிற் பாம்பு மாயாது அடங்கிக் கிடக்கின்றது. முத்தியினும் ஆணவம் அழியாது வலிகெட்டு நிற்கும் என்பது சித்தாந்தத் துணிபு. ஆடுவோன் பாம்பிற்குத் தப்புவது தாயத்தால். ஆன்மா மலத்தை வெல்வது திருவருளால் என்றுணர்க.