சோணரின் வீணையும் பியானோவின் சுருதியும்



இராஜகிருகத்துச் சீதவனத்திலே சோணர் என்னும் பிக்கு, பாதங்களில் இரத்தம் கசியுமளவும் நடந்து தியானம் பயின்று, பயன் காணாது சோர்ந்து, இல்லறத்திற்கே மீளலாமென எண்ணினார். அப்போது பகவான் அவரிடம் வந்து வினவியது வீணையைப் பற்றியே. தந்தி மிக முறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறவாதென்பதைச் சோணரின் வாயாலேயே சொல்லுவித்தார். இவ்வரலாற்றைப் பலகால் கேட்டிருக்கிறோம். பகவான் சோணரைக் கடிந்தாரில்லை, காரணம் எங்கேயென்று பார்க்கச் செய்தார் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

அதே வினாவை வேறொரு கருவியிடம் கேட்போமாக. 1700-ஆம் ஆண்டளவில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலே கிறிஸ்டோபொரி என்பார் ஆக்கியது பியானோ. இன்று அதற்கு 88 கட்டைகளும் ஏறக்குறைய 230 தந்திகளும் உண்டு. அத்தந்திகள் யாவும் சேர்ந்து இழுக்கும் விசை 15 முதல் 20 டன் வரை ஆகும். அதனைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். இத்துணை வலிய கருவியும் சில திங்களில் சுருதி விலகுகிறது. உடனே வீட்டார், "கூலி வாங்கிப் போனவன் சரியாகக் கூட்டவில்லை" என்பர். அவ்வெளிய தொழிலாளியின் நற்பெயரும், அடுத்த வேளைச் சோறும் அச்சொல்லோடு போகின்றன. ஆராயாது கூறிய பழி வாக்கினால் செய்த தீங்கன்றோ?

சார்பிற்றோற்றம் கற்ற நாம் இதை ஆராயும் முறை வேறு. முதலில், விலகியது எப்பகுதி என்று கேட்க வேண்டும். நடுக்கட்டைகள் ஒருசேர ஏறியோ இறங்கியோ இருப்பின், காரணம் காற்றின் ஈரமே. தந்திகளுக்குப் பின்னே மெல்லிய மரத்தாலான ஒலிப்பலகை ஒன்று உண்டு. அது சற்றே மேல்நோக்கி வளைந்தது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அம்மரம் ஈரமுண்டு பருக்கிறது. தன்மேல் நிற்கும் குதிரையை உந்துகிறது. தந்தி இறுகிச் சுருதி ஏறுகிறது. வறண்ட நாளில் இதற்கு மாறாக நிகழ்கிறது. தந்தியை எவரும் தீண்டவில்லை, ஆணியும் அசையவில்லை!

இனி, ஒரே ஒரு தந்தி மட்டும் இறங்கியிருக்கலாம். நடுவிலும் மேலும் உள்ள ஒவ்வொரு கட்டைக்கும் மும்மூன்று தந்திகள் உண்டு. இரண்டு விநாடிக்கு 440 முறையும் ஒன்று 438 முறையும் அதிருமாயின், ஒலி விநாடிக்கு இருமுறை விம்மித் தணியும். அப்போது முறுக்காணியைப் பார்க்கவேண்டும் (வீணையில் இதனைப் பிரடை என்போம்). அது எளிதாகத் திரும்புமாயின் மரம் பிடிப்பை இழந்தது. பருமனான ஆணி வேண்டும். ஆணி இறுக்கமாகவே இருந்தும் தந்தி இறங்கின், பெரும்பாலும் அது கூட்டியவரின் குறைதான். தந்தி படியும் இடங்களில் உராய்வு மிகுதி. அங்கே இழுவிசை சமமாகுமுன் அவர் கையெடுத்துவிட்டார். பின்னர் ஓங்கி வாசிக்கையில் அது சமமாகி, சுருதி நழுவிற்று. புதிய தந்தியாயின் இக்குறையும் இல்லை. அது முதற்சில ஆண்டுகள் நீண்டுகொண்டே இருப்பது இயல்பு.

பல்லாண்டு கவனியாது விட்ட பியானோவின் நிலை இன்னும் கடினம். ஒரு தந்தியை ஏற்றினால் பலகை அழுந்தி, முன்னர் ஏற்றியவை இறங்கும். ஆதலின் முதலில் பருமட்டாக ஏற்றி, மறுமுறை நுண்ணிதாகக் கூட்டுவர். ஒரே வரவில் முடிக்கவில்லையென்று அவரை நோவது தகாது.

மழை தொடங்கிய வாரமே அவரை அழைப்பதும் வீண். பலகை ஈரத்தை ஏற்று நிலைபெறச் சில வாரங்கள் செல்லும். அதுவரை கருவியை வெளிச்சுவரையும் சன்னலையும் விட்டு நகர்த்தி, வெயில் படாத உட்சுவரோரம் வைப்பது நன்று. ஈரம் மிக்க ஊர்களில் உள்ளே சிறு மின்வெப்பக்கோல் வைப்பதுண்டு. அதை ஆண்டு முழுதும் அணைக்காது விடுவோரும் உளர். கோடையில் அவர்கள் வீட்டு ஆணிப்பலகை வறண்டு வெடிக்கக்கூடும்.