பெயரில்லாத பையனின் கணக்கு

புலன்களால் அறிவதுதான் அறிவா? கிரேக்கச் சிந்தனையாளர்கள் தலைமுறை தலைமுறையாக இதைப் பேசினாங்க. யாருடைய புலன், யாருடைய அறிவு என்று நாம் கேட்டாக வேண்டும்.

பிளாட்டோவின் ‘மெனோ’வில் ஒரு அடிமைப் பையன் வர்றான். பெயர் கிடையாது. பக்கம் 2 அடி, பரப்பு 4 சதுர அடி. பரப்பை இரட்டிப்பாக்கப் பக்கம் எவ்வளவு வேணும் என்று சாக்ரடீஸ் கேட்கிறார். 4 என்கிறான், 3 என்கிறான். ரெண்டும் தப்பு. மூலைவிட்டங்களை வரைந்து காட்டியதும் பார்த்து, எண்ணி, சரியான விடைக்கு வந்துவிடுகிறான். அறிவு ஆன்மாவில் ஏற்கெனவே இருக்கு என்பதற்கு அவன்தான் சாட்சி. சாட்சி முடிந்ததும் பேச்சு மெனோவிடம் திரும்புகிறது. பையன் அடிமையாவே நிற்கிறான்.

பிளாட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில். அறியும் ஆசை மனிதர் எல்லோருக்கும் இயல்பு, பார்ப்பதில் நாம் கொள்ளும் மகிழ்ச்சியே அதற்கு அடையாளம் என்று ‘மெட்டாபிசிக்ஸ்’ நூலைத் தொடங்குகிறார். அவரே ‘அரசியல்’ நூலில், பிறவி அடிமை பகுத்தறிவை உணர்வான், ஆனால் அது அவனிடம் இல்லை என்கிறார். இது எப்படி? அடுத்தவன் நியாயத்தைப் புரிஞ்சுக்கப் பகுத்தறிவு வேணாமா?

விடை அதே நூலில் இருக்கு. தறி தானாக நெய்தால் எஜமானுக்கு அடிமை தேவைப்படாதாம். ஆக, தேவைப்பட்டது உழைப்பு. அதற்காகத்தான் அறிவை மறுத்தாங்க. அடிமைத்தனம் இயற்கையல்ல, சட்டம் உண்டாக்கியது என்று அன்றைக்கே வாதாடியவர்கள் இருந்ததை அவரே பதிவுசெய்கிறார். ‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தத்துவம் படிக்கிற தோழர்கள் அறிவைப் பற்றிய பாடத்தோடு இதையும் சேர்த்தே படிக்கணும்.