விதியை மறுக்கும் வாதம்: தைப்பூச ஊர்வலமும் மேளமும்

ஒரு பொதுவிதியைத் தாக்கும் வாதம் எங்கே அடிக்கிறது என்று பார்ப்பதே அதை எடைபோடும் வழி. விதியின் பரப்பைத் தாக்கலாம். அதற்குச் சொல்லப்படும் காரணத்தைத் தாக்கலாம். விதியிலிருந்து முடிவுக்குத் தாவும் படியைத் தாக்கலாம். மூன்றும் ஒன்றல்ல.

சிங்கப்பூரில் 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது இனக்கலவரம் மூண்டது. அதன்பின் சமய நடை ஊர்வலங்கள் தடைசெய்யப்பட்டன என்றும், இந்துக்களின் மூன்று ஊர்வலங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்றும் 2015இல் சட்ட அமைச்சர் கா. சண்முகம் விளக்கினார். தைப்பூசம், தீமிதி, பங்குனி உத்திரம் ஆகியவையே அவை. இவற்றுள் தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் வழியில் மேளம் கொட்டத் தடை இருந்தது. அதை எதிர்த்து மூவர் 2015இல் உயர்நீதிமன்றத்தை நாடினர், மனு தள்ளுபடியானது.

தடையை எதிர்ப்போர் வழக்கமாக நீட்டும் சான்று சிங்க நடனம். அதற்கு முரசு அனுமதி உண்டென்றால் உறுமி மேளத்துக்கு ஏன் இல்லை? கேட்டவுடன் பிடித்துப்போகும் வாதம்தான். ஆனால் விதி சமய ஊர்வலத்தைப் பற்றியது என்றால், பண்பாட்டு நிகழ்ச்சி ஒன்று அதற்கு விலக்கே ஆகாது. சிங்க நடனத்திலும் சமயக்கூறு உண்டு என்று தனியாக நிறுவினால்தான் சான்று நிற்கும். அந்தப் படியை விட்டுவிட்டுப் பேசுவதே பெரும்பாலும் நடக்கிறது.

"இந்துக்களுக்கு மட்டும் ஏன் இசைத்தடை" என்ற கேள்வி இன்னும் வழுக்கலானது. மற்றவர்களுக்கு ஊர்வலமே இல்லை என்ற பதில் உடனே வரும்; சமத்துவம் கேட்டவர் இருக்கும் சலுகையையும் பணயம் வைத்தவர் ஆகிவிடுவார்.

வலுவான தாக்குதல் காரணத்தின்மேல் விழுவது. இசை இருந்தால் ஒழுங்கு குலையும் என்பதே தடையின் அடிப்படை. பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாத உறுப்புகளை வகுக்கும் மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதை, அநைகாந்திகம் என்றொரு ஏதுப்போலியைச் சொல்கிறது: காட்டிய ஏது, முடிவு பொருந்தும் இடத்திலும் பொருந்தாத இடத்திலும் ஒருங்கே காணப்படுவது. மேளம் முழங்கியும் ஒழுங்கு குலையாத ஊர்வலம் ஒன்றைக் காட்டினால், இசையைக் கொண்டு குழப்பத்தை முடிவுகட்டும் வாதம் இந்தக் குற்றத்துக்கு ஆளாகும்.

இதற்கும் மறுப்பு உண்டு. எப்போதும் குலையும் என்று அரசு சொல்லவில்லை, குலையக்கூடும் என்றே சொல்கிறது என்பார்கள். கூடும் என்ற விதியை ஒற்றைச் சான்று வீழ்த்தாது. அபாயம் எவ்வளவு, அதைத் தடுக்க இதைவிடச் சிறிய கட்டுப்பாடு போதாதா என்று கேட்பதே அங்கு செல்லும். 2016இல் தைப்பூசப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. ஒழுங்கு காக்கப்பட வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. அதற்காகப் பாதை முழுதும் மேளம் ஓய்ந்திருக்க வேண்டும் என்ற படிதான் தளர்ந்தது.