அடைப்புக்குறிக்குள் இருப்போர்

நிறுத்தக்குறிகளுள் அடைப்புக்குறிக்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. அதனுள் இருப்பதை நீக்கினாலும் வாக்கியம் இலக்கணப் பிழையின்றி நிற்கும். நாம் பிறை அடைப்பு என வழங்கும் இவ்வடிவிற்கு, 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த எராஸ்முஸ் என்ற குருவும் 'சிறு பிறை' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரையே இட்டார்.

நீக்கக்கூடியது என்பதால் அது வேண்டாததாகிவிடுமா? இயேசு யோவானைவிட மிகுதியான சீடரைச் சேர்த்துத் திருமுழுக்குக் கொடுக்கிறார் எனப் பரிசேயர் கேள்வியுற்றதை யோவான் நற்செய்தி கூறுகிறது. கொடுத்தவர் இயேசு அல்லர், அவருடைய சீடரே என்னும் விளக்கம் உடனே வருகிறது (யோவா 4:2). பல மொழிபெயர்ப்புகள் இவ்விளக்கத்தை அடைப்புக்குறிக்குள் தருகின்றன. அதை விட்டு வாசித்தாலும் தொடர் குறைவுபடாது, உண்மை குறைவுபடும்.

திருவழிபாட்டிலும் இதைக் காணலாம். 1970-இல் வெளியான உரோமைத் திருப்பலி நூலில், முதல் நற்கருணை மன்றாட்டின் புனிதர் பெயர்கள் பல அடைப்புக்குறிக்குள் உள்ளன. குரு அவற்றை விட்டுவிடலாம். பேதுரு, பவுல், அந்திரேயா வெளியே நிற்க, நம் நாட்டின் திருத்தூதர் எனப் போற்றப்படும் தோமையார் உள்ளே இருக்கிறார். இரண்டாம் வரிசையில் வரும் பெண்கள் எழுவரும் உள்ளேயே இருக்கின்றனர். 203-இல் கார்த்தேஜ் நகரில் உயிரீந்த பெர்பெத்துவா என்னும் உயர்குடிப் பெண்ணும், பெலிசித்தா என்னும் அடிமைப் பெண்ணும் அவர்களுள் இருவர். இச்சலுகை தவறன்று, மன்றாட்டும் முழுமையானதே. ஆயினும் நாள்தோறும் விடப்படும் பெயர் மெல்ல நம் நினைவைவிட்டு அகல்கிறது.

மனிதரையும் நாம் இவ்வாறு அடைப்புக்குள் வைப்பதுண்டு. பங்குத் திருவிழா நன்றியுரையில் கொடையாளர் பெயர்கள் ஒவ்வொன்றாய் ஒலிக்கும். ஆலயத்தைப் பெருக்கிய கைம்பெண்ணும், விடியுமுன் மணியடித்த கோவில்பிள்ளையும் 'மற்றும் பலர்' என்ற சொல்லில் அடங்கிவிடுவர். இல்லங்களில், திண்ணையில் இருக்கும் முதியவரைக் கேளாமலே திருமணங்கள் முடிவாகும். அவர்களை விட்டாலும் காரியம் தடையின்றி நடப்பதால், இழப்பு ஏதுமில்லை என எண்ணிவிடுகிறோம்.

அன்பர்களே, சொற்களுள் முதன்மையானவையும் துணையானவையும் உண்டு. அது மொழியின் ஒழுங்கு. அவ்வொழுங்கை ஆட்கள்மேல் ஏற்ற நமக்கு உரிமை இல்லை. பெயர் சொல்லி அழைப்பவர் நம் கடவுள் (எசா 43:1). அடுத்த முறை 'மற்றும் பலர்' என்று சொல்ல வாய் திறக்குமுன், அவர்களுள் ஒருவர் பெயரையேனும் கேட்டறிந்து உரக்கச் சொல்வோம்.