வேட்டையும் விரைவுத் துவக்கும்

கருவிக்கு ஒழுக்கம் உண்டா என்பது பழைய கேள்வி. கத்தி குற்றமற்றது, அதைப் பிடித்த கையே குற்றமுடையது என்று கூறி அக்கேள்வியை ஒதுக்கிவிடுவோர் பலர். இது முற்றிலும் பொய்யன்று. ஆயின் முழு உண்மையுமன்று. தனக்குத் தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கியை வேட்டைக்குப் பயன்படுத்தலாமா என்று உலகின் பல நாடுகளிலும் நடக்கும் வாதத்தை ஆராய்ந்தால், இவ்வுண்மையின் எல்லை எங்கே முடிகிறது என்பது புலனாகும்.

குடாநாட்டில் இருந்துகொண்டு இவ்வாதத்தை எழுப்புவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். இங்கே பெருங்காடு இல்லை. பனங்கூடலும் தோட்டக்காணியும் கடனீரேரியுமே உண்டு. எனினும் ஆனையிறவு என்னும் பெயரை எண்ணிப் பாருங்கள். வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகள் அவ்வழியே குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டுக் கப்பலேறின. வன்னியர்கள் திறையாக யானைகளைச் செலுத்தினர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவற்றை விற்றுப் பொருளீட்டினர். விலங்கு இங்கே வேடனின் இரையாக மட்டுமன்றி, அரசின் வருமானமாகவும் வணிகனின் சரக்காகவும் இருந்திருக்கிறது. வேட்டையைப் பற்றிப் பேசும்போது இப்பொருளாதார அடித்தளத்தை மறந்துவிடலாகாது.

முதலில் கருவியின் தன்மையை அறிவோம். இடியன் துவக்கில் மருந்தையும் சன்னத்தையும் குழல்வாயால் இடித்து ஏற்றவேண்டும். ஒரு வெடி தீர்ந்தால் அடுத்த வெடிக்கு நெடுநேரம் ஆகும். ஒற்றைக்குழல் துவக்கில் ஒவ்வொரு முறையும் மடித்துத் தோட்டாவை இடவேண்டும். அரைத் தானியங்கியிலோ, வெடிப்பில் எழும் வாயுவின் அல்லது பின்னுதைப்பின் ஆற்றலே வெற்றுக்கோதை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடுகிறது. விசையை மீண்டும் அழுத்துவதொன்றே வேடனின் வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே இத்தகைய துப்பாக்கிகள் வேட்டைக்காரருக்கென விற்பனைக்கு வந்துவிட்டன.

இதன் சார்பில் கூறப்படும் நியாயங்கள் இலேசானவை அல்ல. முதல் வெடியில் சாகாமல் காயத்தோடு ஓடும் விலங்கு, பற்றைக்குள் கிடந்து பல மணிநேரம், சில வேளை பல நாள், துடித்துச் சாகிறது. உடனே இரண்டாம் வெடி வைக்க முடிந்தால் அத்துன்பம் முடிவுறும். பின்னுதைப்புக் குறைவதால் குறி தவறுவதும் குறையும். ஓர் இரவில் ஒரு போகத்தின் உழைப்பைக் கிளறி எறியும் பன்றிக்கூட்டத்தின் முன் ஒற்றைத் தோட்டாவுடன் நிற்கும் கமக்காரனுக்கு, விரைந்து சுடும் கருவி வேண்டுமென்று தோன்றுவது இயல்பே. வயிறு நிறைந்தவர் அவனுக்கு அகிம்சை போதிப்பது எளிது.

மறுபக்கத்தையும் நோக்குவோம். அடுத்த தோட்டா ஆயத்தமாக இருக்கிறது என்ற எண்ணமே முதல் வெடியைக் கவனமின்றி வைக்கத் தூண்டுகிறது. ஒரே தோட்டா உள்ளவன் நெருங்கிச் செல்வான், காத்திருப்பான், ஐயமிருந்தால் சுடாமல் விடுவான். பத்துத் தோட்டா உள்ளவன் கூட்டத்தை நோக்கிச் சுடுவான். துன்பத்தைக் குறைக்க வந்த கருவியே காயப்பட்டவற்றின் தொகையைப் பெருக்கவும் கூடும். இதை உணர்ந்தே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1935இல் வலசைப் பறவைகளைச் சுடும் துவக்கில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கலாகாது என விதித்தனர். ஐரோப்பாவில் 1979ஆம் ஆண்டின் பறவைகள் பாதுகாப்புப் பணிப்புரை, இரண்டு தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் பெட்டியுடைய தானியங்கி, அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை விலக்கியது. இவ்விதிகள் கருணைவாதிகளின் கனவுகள் அல்ல. வேட்டையாடும் சமுதாயங்களே தமக்கு இட்டுக்கொண்ட கட்டுகள்.

அப்படியானால் குற்றம் கருவியின் வேகத்தில் மட்டுமா? வரலாறு இல்லை என்கிறது. பதுளையில் ஆங்கில ஆட்சியின் அதிகாரியாக இருந்து 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படுகிறது. அவர் கையில் தானியங்கி இல்லை. அது அன்று பிறக்கவேயில்லை. இந்தியாவின் பரத்பூரில் 1938 நவம்பரில், வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட விருந்து வேட்டையில், ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. எவருடைய பசிக்காக? எவருடைய வயலைக் காக்க? அதிகாரம் தன் வலிமையைத் தானே கண்டு மகிழ்வதற்காக நடந்த கொலை அது. அதே 1938இல்தான் நமது குடாநாட்டின் கழுத்தடியில், வடதிசையிலிருந்து மாரிதோறும் வந்திறங்கும் ஊசிவால் வாத்துகளுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் உறைவிடமான சுண்டிக்குளம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் அது தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது.

இலங்கையில் வேட்டை விலங்குகளைக் காக்க 1894இல் அமைந்த சங்கத்தில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரான வேட்டைப் பிரியர்களே முன்னின்றனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அவர்களது முயற்சியால் நன்மை விளையவில்லை என்று நாம் கூறவில்லை. ஆயினும், துரை சுட்டால் அது விளையாட்டு, குடியானவன் சுட்டால் அது களவு என்ற இரட்டை அறம் அக்காலத்தில் வேரூன்றியது. அதன் நிழல் இன்னும் நீங்கியபாடில்லை.

இதற்கு நேரெதிரான எல்லையில் கட்டுத்துவக்கு இருக்கிறது. காட்டுப்பாதையின் குறுக்கே கம்பி கட்டி, தட்டுப்படும் எதையும் சுடும்படி வைக்கப்படுவது அது. ஒரே வெடிதான்; வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வருவது பன்றியா, சினைமானா, விறகு பொறுக்க வந்த ஏழைத் தாயா என்று அது பார்ப்பதில்லை. வைத்தவன் வீட்டில் உறங்குகிறான். வேகத்தைவிடக் கொடியது கண்ணில்லாமை என்பதைக் கட்டுத்துவக்கு காட்டுகிறது. கொல்பவன் கொல்லப்படுவதைப் பார்க்கிறானா, அதற்குப் பொறுப்பேற்கிறானா என்பதே முதற்கேள்வி. அரைத் தானியங்கியின் மீதான நமது உண்மையான குற்றச்சாட்டும் இதுவே: அது வேடனை, ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனியே முடிவு செய்யும் பொறுப்பிலிருந்து மெல்ல மெல்ல விடுவிக்கிறது.

தமிழர் மரபு இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஒரே அம்பால் யானையும் புலியும் மானும் பன்றியும் உடும்பும் வீழ எய்தவன் என்று வல்வில் ஓரியைப் புறநானூற்றுப் புலவர் வியந்தார். வள்ளுவர் கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். சைவம் வேடனான கண்ணப்பனை நாயனாராக்கியது; அதே சைவத்தின் பெயரால் நாவலர் பாலபாடத்தில் கொலையையும் புலாலையும் கடிந்தார். மரபை மேற்கோள் காட்டி இக்கேள்வியைத் தீர்த்துவிட முடியாது. ஓரியின் புகழ் வில்லின் வலிமைக்கு உரியது; கண்ணப்பன் புகழ் தன் கண்ணையே பெயர்த்தெடுத்த அன்புக்கு உரியது. எதைப் போற்றுவது என்று நாமே தேர்ந்தாக வேண்டும்.

இக்கருவி குடாநாட்டுக்கு அறிமுகமானது வேட்டையின் வாயிலாக அல்ல என்பதையும் இங்கே கூறவேண்டும். இந்திய அமைதிப்படையினர் 1987இல் வந்திறங்கியபோது அவர்கள் தோளில் தொங்கிய எஸ்.எல்.ஆர். என்பதன் பொருளே தானே ஏற்றும் துப்பாக்கி என்பதுதான். 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் இத்தகைய கருவிகளின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர் நம்மிடையே பல்லாயிரவர். காட்டுக்கென ஒரு துப்பாக்கி, மனிதனுக்கென ஒரு துப்பாக்கி என்ற பிரிவு நமக்கு வெறும் ஏட்டுப் பிரிவு. பிற நாட்டாரும் இதைக் கண்ணீரோடு கற்றனர். அவுஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆதரில் 35 பேரும், நியூசிலாந்தில் 2019இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரும் கொல்லப்பட்ட பின்னரே அந்நாடுகள் அரைத் தானியங்கிகளைப் பொதுமக்களிடமிருந்து பெரிதும் மீட்டன. எனினும் அங்கும் பயிரழிக்கும் விலங்குகளைக் கட்டுப்படுத்தும் தொழிலாளருக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது.

அந்த விதிவிலக்கிலேயே நமது விடைக்கான திறவுகோல் இருக்கிறது. விரைவு நியாயமாவது, கொலை இன்பமாக இல்லாத இடத்திலேதான். தவிர்க்க முடியாத வேளையில், பயிற்சி பெற்றவர், சமுதாயத்துக்குக் கணக்குக் கொடுக்கும் நிலையில், துன்பத்தைச் சுருக்குவதற்காக அதைப் பயன்படுத்துவராயின், அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. பொழுதுபோக்குக்காகவோ இறைச்சி வணிகத்துக்காகவோ அதை நாடுவோருக்கு நம்மிடம் நியாயம் இல்லை.

கமக்காரனின் நிலை வேறு. 2025 மார்ச் 15ஆம் திகதி நாடு முழுவதும் ஐந்து நிமிட நேரம் குரங்கு, மயில் முதலிய பயிரழிக்கும் விலங்குகளைக் கணக்கெடுக்கும்படி மக்களையே அரசு கேட்டது. அவனுடைய முறையீடு பொய்யன்று என்பதற்கு அதுவே சான்று. ஆனால் வேகமான துவக்கைக் கொடுத்து, இனி நீயே பார்த்துக்கொள் என்று அவனைத் தனியே விடுவது சமுதாயம் தன் கடமையைத் தட்டிக்கழிப்பதாகும். வேலி, கூட்டுக்காவல், அழிந்த பயிருக்கு உரிய காலத்தில் நட்டஈடு, காடழிப்பைத் தடுக்கும் உறுதி ஆகிய இவையே அவன் கேட்க வேண்டியவை. நாம் அவனோடு சேர்ந்து கேட்க வேண்டியவை. காட்டை வெட்டி விற்றவன் ஒருவன். காடிழந்த விலங்கோடு மல்லுக்கு நிற்பவன் இன்னொருவன். இவ்விருவரையும் பிரித்தறியாத அறம் ஏழையையும் விலங்கையும் ஒன்றோடொன்று மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் அறமாகவே முடியும்.